சாண் கணக்கு

குடைப் பட்டறையில் அவளுக்குச் 'சாண் அக்கா' என்று பெயர். காதுபடக் கூப்பிடும்போது அப்படி. காதுக்கு எட்டாத தூரத்தில் அதையே கொஞ்சம் இழுத்து 'சாணி அக்கா' என்பார்கள். அவளுக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் சட்டை செய்ததில்லை. அந்தத் தகரக் கொட்டகைக்குள் தன்னைத் தவிர மூளை உள்ளவர் யாரும் இல்லை என்பது பதினோரு வருடமாக அவள் கொண்டிருந்த முடிவு. மூளை இல்லாதவர்கள் வைக்கிற பெயருக்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

பெயர் வந்த கதை இதுதான். அங்கே தைத்தது மழைக்குக் கையில் பிடிக்கிற குடை இல்லை. ஹோட்டல் தோட்டங்களிலும் நீச்சல் குளத்து ஓரங்களிலும் நட்டுவைக்கிற பெரிய நிழற்குடை. எட்டுக் கம்பி. விரித்து நிறுத்தினால் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒன்றரை மீட்டர். எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பிறகு ஓரத்தைச் சுற்றி ஒரு பூவேலை நாடா வரும். அந்த நாடாவுக்கு எவ்வளவு நீளம் என்று கேட்டால் மற்றவர்கள் அளவு டேப்பைத் தேடுவார்கள். டேப் எப்போதும் யாருடைய காலடியிலாவது கிடக்கும். இவள் தேடமாட்டாள். "ஆறு தடவை ஒன்றரை, ஒம்பது. ஒம்பது மீட்டர், ஒரு சாண்" என்று கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து நாடாவின் மேல் வைப்பாள். வெட்டித் தைத்தால் முனையோடு முனை வந்து கச்சிதமாக நிற்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் வருடத்தில் நாடாவை வீணாக்கி, திட்டு வாங்கி, தானே கண்டுபிடித்த கணக்கு. அதனால் அதன்மேல் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி ஒரு பற்று.

கட்டிங் மாஸ்டர் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டு நின்றுகொண்டார். அவருடைய பெரிய கத்திரி முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாண் அக்காவுக்கு அந்தக் கத்திரி வேண்டும். கத்திரி வந்தால் வெட்டு மேசை வரும். மேசைக்கு மேலே பட்டறையின் ஒரே நல்ல மின்விசிறி. நாள் முழுக்க மிஷினில் கூனிக் குறுகி உட்காராமல் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம், அவள் இடுப்பு அதற்காகவே அழுதுகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேருக்கு அளவு சொல்கிற இடம் அது. அவள் புருஷன் தினமும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பான்: "என்ன, கத்திரி வந்துச்சா?" இவள் நேராக அடுப்படிக்குப் போவாள்.

கத்திரி வரவில்லை. மாப்பிள்ளை வந்தார்.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். ஏதோ ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். மனிதர் மனைவியோடு மாமனார் வீட்டு மாடிக்கே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? முதலாளி ஆரம்பித்துவைத்தார், கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. தையல்காரிகள், கம்பி வளைக்கிறவர், வாசல் காவல்காரர், எல்லோருக்கும் அவர் 'மாப்ளே'. நாற்பதை நெருங்கிய மனிதர், தலையில் பாதி நரை. மரியாதையில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. "மாப்ளே, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு ஓரமா நிக்கிறீங்களா" என்று முதலாளி 'நீங்க' போட்டுத்தான் சொல்லுவார்.

ஆனாலும் கத்திரி விஷயத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். "சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை" என்று ஒருநாள் காற்றைப் பார்த்துச் சொன்னார். சாண் அக்காவின் மிஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. என் சாணையே எடுத்து என் தலையில் அடிக்கிறானா இந்த ஆள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து நாற்பது குடைக்கு ஆர்டர். நாடா வெட்டச் சொல்லுங்கள் என்று முதலாளி மாப்பிள்ளையை ஏவினார். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"விட்டம் மூணு மீட்டர். அதைப் பையால பெருக்கினா ஒம்பது மீட்டர் நாற்பத்திரண்டரை."

"எந்தப் பை மாப்ளே?" சாண் அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள். "காய்கறி வாங்குற பையா, துணிப் பையா?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அவர் பொறுமையாக, பை என்றால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண் என்று விளக்க ஆரம்பித்தார். பாவி மனுஷன், எந்த இடத்தில் விளக்கக்கூடாது என்றே தெரியாதவர். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாடா தப்பித்திருக்கும். சொல்லவில்லை. "படிச்சவரு சொல்றாரு, வெட்டுங்கடி" என்றாள்.

நாற்பது குடையிலும் நாடா மிஞ்சியது. ஒவ்வொன்றிலும் ஒரு சாணும் மூன்று விரலும், வால் மாதிரி.

"குடை எங்கடி வட்டம்?" என்று அவள் மிஷின் வரிசைக்கே பாடம் எடுத்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றதால் குரல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "கம்பிக்குக் கம்பி துணி விறைப்பா நேரா நிக்குது. எட்டு நேர்க்கோடு. வளைஞ்சு வளைஞ்சு போறவனுக்குத்தான் தூரம் அதிகம், குறுக்கால போறவனுக்குக் கம்மி. ஆடு மாடுக்கே தெரியும் இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"

வெட்டிய வால்களைத் தையல்காரிகள் தலையில் ரிப்பனாகக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் சாண் அக்கா தன் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள். 'மாப்பிள்ளை வால்' என்று அதற்குப் பெயர். புதிதாக யார் வந்தாலும் அந்த வாலைக் காட்டிக் கதை சொல்லுவாள், கதையில் மாதத்துக்கு மாதம் மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் முட்டாளாக ஆனார். அவர் அந்தப் பக்கம் போகும்போது வாலைப் பார்ப்பார். முதலாளியும் அவரை மேசைப் பக்கமே விடாமல் கடிதம் எழுத உட்காரவைத்துவிட்டார். சரக்குக் கேட்டு வெளியே போகிற சீட்டு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும்.

அடுத்து வந்ததுதான் பெரிய ஆர்டர். நூற்றிருபது குடை. அதே அளவு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றரை மீட்டர். ஆனால் கம்பி எட்டு இல்லை, இருபத்துநாலு. மூலை மூலையாகத் தெரியக்கூடாதாம், வட்டமாகத் தெரியவேண்டுமாம். நாடாவும் கடையில் வாங்குகிற நாடா இல்லை. ஹோட்டல் முத்திரை போட்டு, இரண்டு முனையும் முடிச்சுப்போட்டு, நீளத்துக்கு நீளம் தனித்தனியாகத் தறியில் நெய்து வரவேண்டும். ஒட்டுப்போட்ட நாடா என்றால் குடையையே திருப்பி அனுப்புவோம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். கம்பிக்கூடுகள் வந்து சேர மூன்று வாரம். நாடாவுக்கு நீளம் அதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

"இந்த ஆர்டர் ஒழுங்கா முடியட்டும்" என்றார் முதலாளி. "கத்திரி யாருக்குன்னு அன்னைக்கே சொல்றேன்." சொல்லும்போது சாண் அக்காவைத்தான் பார்த்தார். மருமகன்மேல் இருந்த கடைசி ஆசையும் அந்த நாற்பது வாலோடு அறுந்துபோயிருந்தது.

சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை ஒரு தாளோடு அவளிடம் வந்தார். அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். தையல்காரிகள் கை கழுவப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னது சரி. குடை வட்டம் இல்ல. நான் வீட்டுல போய் வரைஞ்சு பாத்தேன்." தாளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கோடுகள். "ஆறு கம்பி வச்சா ஓரம் சரியா ஆறு தடவை ஒன்றரை, ஒம்பது மீட்டர். எட்டுக் கம்பின்னா அது மேல உங்க ஒரு சாண். ஆனா கம்பி கூடக் கூட ஓரம் வட்டத்துக்குக் கிட்ட போகும், நீளம் ஏறும். இருபத்துநாலு கம்பிக்கு ரெண்டு சாணுக்குக் கொஞ்சம் மேல வேணும். எத்தனை கம்பி வச்சாலும் வட்டத்தைத் தாண்டாது, ஆனா ஒரு சாண் பத்தாது."

நியாயமாகப் பார்த்தால் அந்த மனிதர் அவள் கையை அளவுகோலாக வைத்து, அவள் மொழியிலேயே பேசினார். அந்தப் பட்டறையில் வேறு யாரும் அவளுக்குக் காட்டாத மரியாதை அது. ஆனால் கேட்கிற காது வேண்டுமே. அவள் காதில் விழுந்ததெல்லாம், என் சாணை எனக்கே அளந்து காட்டுகிறான் இந்த வீட்டோடு மாப்பிள்ளை என்பதுதான்.

"மாப்ளே, குடை பெருசாச்சா?"

"இல்ல, அதே ஒன்றரை மீட்டர்தான். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? கம்பி எட்டா இருந்தா என்ன, எண்பதா இருந்தா என்ன? அதே கம்பம், அதே வீச்சு. உள்ள கம்பியைக் கூட்டினா ஓரம் எப்படி நீளும்? உங்க வீட்டுல ஆள் கூடிட்டா வீடு பெருசாயிடுமா?"

மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? தையல்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒரு தடவை வரைஞ்சு பாருங்கக்கா. பத்து நிமிஷம் ஆகும்."

"எழுதுங்க. ஒம்பது மீட்டர், பதினெட்டு சென்டிமீட்டர். நூற்றிருபது."

பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

"எழுதுங்க மாப்ளே. எழுதுறதுக்குத்தானே சோறு போடுறாங்க."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுதினார், கீழே கையெழுத்துப் போட்டார், வட்டம் வரைந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவளுக்கு ஒரு விநாடி நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்புறம் மிஷினில் எண்ணெய் விட நேரமாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கம்பிக்கூடுகள் வந்தன. நாடாவும் அதே வாரம் வந்து இறங்கியது, நூற்றிருபது சுருள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் ஒரு சாண். முதல் குடைக்கு நாடா வைக்கிற வேலையைச் சாண் அக்கா தானே எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் புருஷன் கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஒரு கம்பியில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போனாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு கம்பி. இருபத்துமூன்றாவது கம்பியைத் தாண்டி ஒரு சாண்கூடப் போகவில்லை, நாடா முடிந்துவிட்டது. முடிச்சு போட்ட முனை அவள் விரலுக்கு இடையில் இருந்தது. அதற்கப்புறம் வெறும் துணி.

இழுத்துப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பிரித்தாள். மறுபடி வைத்தாள், இந்தமுறை தளர்த்தி. அதே இடம். தறிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நாடாவை மேசையில் விரித்து அளந்தாள். ஒன்பது மீட்டர், ஒரு சாண். தறிக்காரன் யோக்கியன். பல வருடத்துக்குப் பிறகு மறுபடி தன் சாணையே டேப்பில் வைத்து அளந்தாள். பதினெட்டு. சாணும் சுருங்கவில்லை.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். ஆணியில் மாப்பிள்ளை வால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்தாள், அந்தப் பொல்லாத இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். நிரம்பியது. நிரம்பி ஒன்றரை விரல் மிச்சம் இருந்தது. எட்டுக் கம்பிக் குடையில் அந்த மனிதர் கணக்கில் கூடுதலாக வந்து, தான் வெட்டி ஆணியில் மாட்டிச் சிரித்த அதே வால். இருபத்துநாலு கம்பிக்கு அவருடைய வட்டக் கணக்கே ஒன்றரை விரல்தான் தப்பு. மடித்துத் தைத்தால் போய்விடுகிற ஒன்றரை விரல். இவள் கணக்கோ குடைக்கு ஒரு சாணும் இரண்டு விரலும் குறைவு. அதுவும் நூற்றிருபது குடைக்கு. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆடு மாடுக்கே தெரியும் என்று இவள் பாடம் எடுத்தாளே, வளைந்து போகிறவனுக்குத் தூரம் அதிகம் என்று? கம்பி கூடினால் பாதை வளைகிறது. இதைச் சொல்லத்தான் அவர் பத்து நிமிஷம் கேட்டார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளி வந்தார். குடையைச் சுற்றி நடந்தார். வெறும் துணி தெரிந்த இடத்தில் நின்றார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக்குள் போய் நாடாவுக்கு எழுதிய சீட்டின் நகலோடு வெளியே வந்தார்.

"மாப்ளே! இங்க வாங்க. இது யாரு கையெழுத்து?"

மாப்பிள்ளை பார்த்தார். "என்னுதுதான் மாமா."

"அன்னைக்கு நாற்பது குடையில நீளமா வெட்டி வச்சீங்க. சரி, கத்துக்கிறாருன்னு விட்டேன். இன்னைக்கு நூற்றிருபதுல குறைச்சு எழுதி வச்சிருக்கீங்க. கூட்டிச் சொன்னதுக்குத் திட்டினேன்னு பழிக்குப் பழியா? எண் சாண் உடம்புக்கு சிரசே பிரதானம்பாங்க. உங்களுக்கு அது இருக்கான்னு என் பொண்ணைத்தான் கேக்கணும்."

தையல்காரிகள் சிரித்தார்கள். கம்பி வளைக்கிறவர் சிரித்தார். காவல்காரர் என்ன என்று தெரியாமலே சிரித்தார். மாப்பிள்ளை சாண் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், காட்டிக்கொடுக்கிறான் என்று முறைத்திருக்கலாம்.

பொய் சொல்லுவானேன், கத்திரி அவள் கண்ணுக்குள்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் முடியவில்லை. அதை நல்ல மனசு என்று யாரும் அவசரப்பட்டு மெச்ச வேண்டாம். பாதி வெட்கம், பாதி திமிர். பதினோரு வருடமாகத் தன் கணக்கை இன்னொருத்தர் பெயரில் எழுத விடாதவள், தன் தப்பை மட்டும் எப்படி விட்டுக்கொடுப்பாள்?

"ஐயா, அளவு சொன்னது நான்" என்றாள். "அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ரெண்டு சாண் வேணும்னாரு. நான்தான் கேக்கல."

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. அவள் அதுவரை அந்த முகத்தில் பார்க்காத ஒரு கனிவு.

"பாத்தீங்களா மாப்ளே?" என்றார். "நல்லா பாத்துக்குங்க. உங்க மானத்தைக் காப்பாத்த இந்தப் பொம்பளை பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குது. நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்க."

"இல்லைங்கய்யா, நெஜமாவே நான்தான்..."

"விடும்மா. பதினோரு வருஷமா உன் சாண் ஒரு விரல் பிசகினதில்ல. எனக்குத் தெரியாதா? யாரு தப்பு பண்ணுவாங்க, யாரு பண்ணமாட்டாங்கன்னு தெரியாமலா பட்டறை நடத்துறேன்?"

"மாப்ளே, சொல்லுங்களேன்!" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான்தானே எழுதச் சொன்னேன்? இவளுங்க எல்லாம் நின்னாளுங்களே! ஏய், சொல்லுங்கடி!"

தையல்காரிகள் தரையைப் பார்த்தார்கள். நாளைக்கு வெட்டு மேசையில் நின்று துணி கொடுக்கப்போகிறவள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மட்டுக்கு அவர்களுக்கும் மூளை இருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எழுதினது நான்தான் மாமா" என்றார்.

"புது நாடாவுக்கு அளவு நீயே சொல்லும்மா" என்று முதலாளி அறைக்குள் போனார், ஆணியிலிருந்து கத்திரியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். சில்லென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் வாசலில் மாப்பிள்ளையைப் பிடித்தாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நான் இல்லைன்னு சொன்னா மட்டும் நம்பிடப் போறாரா?" என்றார். குரலில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. அலுப்புதான் இருந்தது. "நீங்க சொல்லியே நம்பலையே. அந்த அளவுக்கு நல்லா சொல்லி வச்சிருக்கீங்க என்னைப் பத்தி." சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

வீட்டு வாசலில் புருஷன் கேட்கவே இல்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த கத்திரியைப் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றான். இவள் வழக்கம்போல நேராக அடுப்படிக்குப் போனாள்.

இப்போது அவளை யாரும் சாண் அக்கா என்று கூப்பிடுவதில்லை. 'மாஸ்டர்' என்கிறார்கள், முதுகுக்குப் பின்னாலும் அதேதான். நாடா வெட்டுவதற்கு முன்னால் அவள் கம்பியை எண்ணுகிறாள், மடிப்புக் கிழிய ஆரம்பித்த ஒரு தாளைப் பார்க்கிறாள், டேப்பால் அளக்கிறாள். விரலை விரிப்பதில்லை. ஆணியில் வால் இல்லை, அவள்தான் கழற்றி எறிந்தாள். மறுநாளே தையல்காரி ஒருத்தி தன் தலையிலிருந்து ஒன்றை அவிழ்த்து அதே ஆணியில் மாட்டிவிட்டாள்.

பழைய பெயரும் வீணாகவில்லை. மூலையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிற மனிதருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாண் கூட்டியவர், ஒரு சாண் குறைத்தவர், வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "ஏய், சாண் மாப்ளையைக் கூப்பிடுங்கப்பா" என்று கொட்டகைக் கடைசியிலிருந்து யாராவது கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.